பூர்வகதை இல்லாத வில்லன்

மும்பை நகரத்தில் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு அனுபவத்தால் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இங்கே மனிதர்கள் உடம்பால் மிக நெருங்கியும் பூர்வோத்தரத்தால் மிக விலகியும் வாழ்கிறார்கள். கிராமத்தில் ஒருவனைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் அவனுடைய பாட்டனார் பெயரிலிருந்து தொடங்கலாம். நிலம், கடன், கல்யாணம், வழக்கு எல்லாம் ஊர்வாயில் இருக்கும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரே மாடிப்படியில் பல ஆண்டுகளாக ஏறி இறங்கும் இருவர், ஒருவருக்கொருவர் புன்னகை செய்துகொண்டும் மழை நாளில் குடையைப் பகிர்ந்துகொண்டும் இருந்த போதிலும், மற்றவர் எங்கிருந்து வந்தார், எதை விட்டு வந்தார் என்பதை அறியாமலே காலத்தைக் கழித்துவிடலாம். ஒரு மனிதனை நம்புவதற்கு இந்நகரம் தரும் சாட்சியம் அவன் உடுத்தியிருக்கும் உடையும் அவன் பேசும் பேச்சுமே. இந்தச் சுதந்திரத்தை நாடித்தான் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து சேர்ந்தார்கள். இதே சுதந்திரத்தின் உள்ளே பதுங்கியிருக்கும் பயங்கரத்தை, ஆர்ப்பாட்டமில்லாமல், ஒரு வேலைபார்க்கும் பெண்ணின் வாழ்க்கையை வைத்துச் சித்திரித்த திரைப்படம் 2004 ஜனவரியில் வெளிவந்த ‘ஏக் ஹசீனா தீ’. ஸ்ரீராம் ராகவன் என்ற இயக்குநரின் முதல் முழுநீளத் திரைப்படம் அது.

‘அந்தாதுன்’ படத்தின் மூலம் 2018இல் தேசமெங்கும் பெயர் பெற்று, இன்று குற்றப் படங்களின் இரசிகர்களால் ஒரு தனி மரபின் ஆசானாகவே கொண்டாடப்படும் ராகவன், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். புனேயில் வளர்ந்து, அங்குள்ள திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். 1987இல் அவர் எடுத்த மாணவப் படமான ‘தி எய்ட் காலம் அஃபேர்’, செய்தித்தாளின் முதற்பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஓட்டக்காரன் ஒருவன், விளையாட்டுப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெண்ணின்மேல் காதல் கொண்டு பக்கம் பக்கமாகக் கடந்து செல்லும் விசித்திரமான கற்பனை. அதற்குத் தேசிய விருது கிடைத்தது. இவ்வளவு இலேசான, சிரிப்பு மிகுந்த கற்பனையோடு தொடங்கிய ஒருவர் நான்கே ஆண்டுகளில் எந்த விஷயத்தில் போய்ச் சேர்ந்தார் என்பதை அறிந்தால்தான் ‘ஏக் ஹசீனா தீ’யின் வேர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

1960களின் நடுவில் பம்பாயின் புறநகர்களில், நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள் இரவில் தலை நசுங்கி இறந்து கிடந்தார்கள். களவும் பெரிதாக இல்லை, முன்பகையும் இல்லை. கனத்த இரும்புக் கருவியால் அடித்த அடையாளம் மட்டுமே இருந்தது. 1968இல் மறுபடியும் கொலைகள் தொடங்கியபோது, கதவில்லாத வீடுகளில் உறங்குவோர் அனைவரும் உறக்கத்தையே இழந்தார்கள். தாராவி போன்ற குடியிருப்புகளில் வெயிற்கால இரவுகளில் வாசலிலும் தெருவோரத்திலும் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்களுக்கு அந்த அச்சம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. குற்றப்பிரிவின் துணை ஆணையராக இருந்த ரமாகாந்த் குல்கர்ணியின் மேற்பார்வையில் தேடுதல் நடந்தது; அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் டோங்ரி வட்டாரத்தில் அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற உதவி ஆய்வாளர் ஒருவனைப் பிடித்தார். ராமன் ராகவ் என்று பெயர். சிந்தி தல்வாய் என்றும், அண்ணா என்றும், தம்பி என்றும், வேலுசாமி என்றும் வேறு பெயர்கள். விசாரணையில் வாய் திறவாதிருந்தவன், கேட்ட கோழிக்கறியைத் தின்று முடித்து, தலைக்கு எண்ணெயும் சீப்பும் கண்ணாடியும் வாங்கிக்கொண்ட பிறகே பேசத் தொடங்கினான் என்பது அந்த வழக்கைப் பற்றிச் சொல்லப்படும் பிரசித்தமான செய்தி. அவன் ஒப்புக்கொண்ட கொலைகள் நாற்பதுக்கும் மேல்.

அக்காலத்தில் இந்தப் பெயர்ப் பட்டியலைப் படித்த பம்பாய்த் தமிழரின் மனநிலையை நான் பல தடவை எண்ணிப் பார்த்ததுண்டு. 1966இல்தான் சிவசேனை தோன்றியிருந்தது. தென்னாட்டவரே இந்நகரத்து இளைஞர்களின் வேலையைப் பறிப்பவர்கள் என்ற பிரசாரம் உரத்து ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. அவ்வேளையில், பிடிபட்ட கொலைகாரனுக்கு ‘தம்பி’ என்றும் ‘வேலுசாமி’ என்றும் பெயர் இருந்தால், அதைக் கேட்டவர்களின் நெஞ்சில் கூடுதலாக ஓர் அச்சம் புகுந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ராமன் ராகவுக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் அமைந்த மூன்று மனநோய் நிபுணர்களின் குழு அவனைப் பரிசோதித்து, நாட்பட்ட மனச்சிதைவு நோயால் பீடிக்கப்பட்டவன் என்று அறிவித்தது. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. புனேயில் சிறையும் சிகிச்சையுமாக வாழ்ந்து, 1995இல் அங்கேயே இறந்தான். இந்த மனிதனைப் பற்றித்தான் 1991இல், அவன் இன்னும் உயிரோடு இருந்தபோதே, ஸ்ரீராம் ராகவன் வீடியோவில் ஒரு சிறிய படம் எடுத்தார். ரகுவீர் யாதவ் என்ற அபூர்வமான நடிகர் கொலைகாரனாக நடித்தார். திரையரங்கைக் காணாமல், கைக்குக் கை மாறிய பிரதிகளாலேயே கீர்த்தி பெற்ற அப்படத்தில், அந்த மனிதன் தன் செயல்களுக்குத் தானே சொல்லும் காரணங்கள் எல்லாம் அவனுடைய பிரமையின் உள்ளே மட்டும் பொருந்தும் காரணங்கள். இயக்குநர் அவற்றை மறுக்கவும் இல்லை, அவற்றின் பின்னால் ‘உண்மையான’ காரணம் ஒன்றைத் தேடிக் கொடுக்கவும் இல்லை. அவனைப் பேசவிட்டு, நாம் கேட்கும்படி செய்துவிட்டு, விலகி நின்றார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் நம்முடைய படங்களையே நினைத்துப் பார்க்கலாம். மாட்டுங்காவின் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறையினர் எவரும் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்க’ளை மறந்திருக்க முடியாது. 1978இல் வந்த அப்படத்திற்கே ராமன் ராகவின் கதைதான் தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு. கமல்ஹாசன் ஏற்ற கொலைகாரன் பாத்திரத்தின் பயங்கரம் அன்று புதியது. ஆயினும் படத்தின் பிற்பகுதியில் அவனுடைய பால்யகாலம் விரிகிறது, ஒரு பெண்ணால் அவனுக்கு நேர்ந்த அநீதி சொல்லப்படுகிறது, பெண்களை வெறுக்கும் வளர்ப்புத் தந்தை ஒருவர் காட்டப்படுகிறார். 1980இல் பாலு மகேந்திரா எடுத்த ‘மூடுபனி’யிலும் பிரதாப் போத்தனின் கொலைவெறிக்குப் பின்னால் தாய் பட்ட துன்பத்தைக் கண்டு வளர்ந்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். இரண்டும் நம் மொழிக்குப் பெருமை சேர்த்த படங்களே. ஒளியையும் நிழலையும் கொண்டு மனத்தின் உள்ளறையைக் காட்டும் வித்தையில் ‘மூடுபனி’யை மிஞ்சுவது இன்றும் எளிதன்று. ஆயினும் இரண்டிலும், கொடுமை ஒரு நோய், அதற்கு மூலகாரணம் உண்டு, அதைக் கண்டறிந்தால் நம் மனம் சமாதானமடையும் என்ற நம்பிக்கை அடியில் ஓடுகிறது. உலகத்துக்கே இவ்வகைப் படங்களின் இலக்கணமாகிவிட்ட ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’விலும், 1960இலேயே, கடைசியில் மனநல மருத்துவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் நம்மை வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த மருத்துவரை ராகவன் தம் படத்துக்குள் அழைக்கவே இல்லை. அவருடைய கலையின் மூலாதாரம் இந்த ஒரு தீர்மானத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1991க்குப் பிறகு முதல் திரைப்பட வாய்ப்புக்கு அவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது; அவ்வாய்ப்பைக் கொடுத்த ராம் கோபால் வர்மாவை ஈர்த்தது அந்த வீடியோப் படம்தான். ‘சத்யா’வின் மூலம் மும்பைக் குற்றவுலகத்தின் படங்களுக்கே புதிய இலக்கணம் வகுத்திருந்த வர்மா தயாரிக்க, பூஜா லதா சுர்த்தியோடு சேர்ந்து ராகவன் திரைக்கதை எழுத, சி. கே. முரளீதரன் ஒளிப்பதிவு செய்ய, ‘ஏக் ஹசீனா தீ’ உருவாயிற்று. பெயரை 1980இல் வந்த ‘கர்ஸ்’ படத்தின் புகழ்பெற்ற பாடலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கமல்ஹாசன் நடித்த ‘எனக்குள் ஒருவன்’ அந்தக் ‘கர்ஸ்’ஸின் தமிழ் வடிவம் என்பதால், அந்தப் பாடல் எழும் கட்டத்தின் உட்பொருள், அதாவது வஞ்சகம் செய்தவரின் முன்னிலையிலேயே வஞ்சகத்தைக் கதையாகப் பாடிக் காட்டும் கட்டம், தமிழ் இரசிகர்களுக்கும் பழக்கமானதே.

கதையின் தொடக்கம் எளிமையானது. சாரிகா வர்த்தக் பிரயாண ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவள். தனியாக ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறாள். கரண் சிங் ராத்தோட் வாடிக்கையாளனாக வருகிறான். நல்ல உடை, நல்ல பேச்சு, அவசரப்படாத குணம். அவள் ஒதுங்குகிறாள்; அவன் வற்புறுத்தாமல் காத்திருக்கிறான்; அந்தப் பொறுமையே அவனுடைய நற்குணத்துக்குச் சாட்சியமாகிவிடுகிறது. காதல் முதிர்ந்த பின், அவனுடைய நண்பன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் அவள் வீட்டில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுச் செல்கிறான். அந்த மனிதன் இறந்துபோகிறான். பெட்டியில் ஆயுதங்கள் இருக்கின்றன. போலீஸார் அவள் கதவைத் தட்டுகிறார்கள்.

இதற்குப் பின் வரும் பகுதியைத்தான் நான் இப்படத்தின் ஜீவநாடியாகக் கருதுகிறேன். கரண் அவளைக் கைவிடுவதில்லை. வக்கீல் ஒருவரை அமர்த்திக் கொடுக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் விரைவில் வெளியே வந்துவிடலாம் என்று வக்கீலும் காதலனும் அன்போடும் கவலையோடும் சொல்கிறார்கள். அவள் தான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கிறது. ஸிட்னி ஷெல்டனின் ‘இஃப் டுமாரோ கம்ஸ்’ நாவலைப் படித்தவர்கள் இந்தத் திருப்பத்தின் ஊற்றை உடனே கண்டுகொள்வார்கள். ஆனால் நாவலில் சில பக்கங்களில் கடந்துபோகும் அந்த வஞ்சகத்தை ராகவன் மெதுவாக, ஒரு கையெழுத்துக்கும் அடுத்த கையெழுத்துக்கும் இடையே, நம் கண்ணெதிரே நடக்கவிடுகிறார். அவள் முட்டாளாக இருப்பதனால் ஏமாறுகிறாள் என்று நமக்கு ஒரு கணமும் தோன்றாதபடி அவர் அதைச் செய்திருக்கும் சாமர்த்தியம் அபூர்வமானது. ஒருவரை நம்புவதற்கு நாம் அன்றாடம் கைக்கொள்ளும் அளவுகோல்களையே அவளும் கைக்கொள்கிறாள். வக்கீலாக வரும் ஆதித்ய ஸ்ரீவாஸ்தவாவைத் தொலைக்காட்சித் தொடரான ‘சி.ஐ.டி.’யில் நேர்மையான துப்பறிவாளராகவே பார்த்துப் பழகிய நாமும் அவர் பேச்சை நம்பிவிடுகிறோம்.

கரணுக்குப் பூர்வகதை கிடையாது. அவன் ஏன் இப்படி ஆனான், யாரால் காயம்பட்டான், எந்த வறுமையிலிருந்து வந்தான் என்பவற்றில் ஒன்றையும் படம் சொல்வதில்லை. ஸைஃப் அலி கான் அதுவரை ‘தில் சாஹ்தா ஹை’ போன்ற படங்களில் விளையாட்டுப் பிள்ளையாக, துடுக்கான இனிய இளைஞனாகவே அறியப்பட்டவர். அந்த இனிமையை மாற்றாமல் அப்படியே வில்லனுக்குக் கொடுத்ததுதான் இயக்குநரின் நுட்பம். காதலிக்கும்போது எப்படிச் சிரித்தானோ அப்படியே அவளைச் சிறைக்கு அனுப்பும்போதும் சிரிக்கிறான். முகமூடி கழன்று விழும் கட்டம் என்று ஒன்று இல்லை, ஏனெனில் முகமூடியே இல்லை. ராமன் ராகவுக்கு நோய் இருந்தது. இவனுக்கு நோயும் இல்லை. அதனாலேயே, நாற்பது கொலை செய்தவனைவிட இவன் என்னை அதிகமாக அச்சுறுத்துகிறான். இரண்டே ஆண்டுகளில் ‘ஓம்காரா’வில் ஸைஃப் ஏற்ற லங்டா தியாகி என்ற கொடியவனை நாடே புகழ்ந்தது, அந்தப் புகழுக்கு அஸ்திவாரம் இங்கேதான் போடப்பட்டது என்பது பலருக்கும் மறந்துபோயிற்று.

வில்லனுக்கு மறுத்த மனோதத்துவத்தையெல்லாம் ராகவன் நாயகிக்கு வாரி வழங்குகிறார். ‘இந்தியன்’ படத்தால் தமிழர்களும் அறிந்த ஊர்மிளா மாதோண்ட்கர், அதற்குள் ‘கௌன்’, ‘பூத்’ ஆகிய படங்களில் அச்சத்தின் பல ரூபங்களையும் நடித்துப் பார்த்தவர். இங்கே அச்சம் மெல்ல மெல்ல வற்றிப்போவதை நடிக்க வேண்டியிருந்தது. சிறையின் முதல் நாட்களில் அவள் உடல் சுருங்குகிறது. அடி வாங்குகிறாள், அழுகிறாள், எலிகளைக் கண்டு அலறுகிறாள். ஒரு நாள் அதே எலியை அவளே அடித்துக் கொல்கிறாள். அந்தக் கணத்தில் அவள் முகத்தில் வெற்றியின் சாயல் சிறிதும் இல்லை. ஏதோ ஒன்று உள்ளே இறந்துவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே இருக்கிறது. பிரமிளா என்ற மூத்த கைதியாக வரும் பிரதிமா காஸ்மியின் கனத்த குரலும் அசையாத கண்களும், அவள் போகப்போகும் பாதையை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. கதையை நிறுத்திவைத்துப் பாட்டும் கூத்தும் நடத்தும் வழக்கத்துக்கு இயக்குநர் இடம் கொடுக்காமையால், இந்த மாற்றம் தடைபடாமல் நம்முள்ளும் நிகழ்ந்து, அவள் சிறையிலிருந்து தப்பும்போது நாமும் இரக்கமற்றவர்களாகவே வெளியே வருகிறோம்.

பிற்பகுதியில் குறைகள் உண்டு. தப்பியோடிய கைதிக்குப் பணமும் ஆடையும் செய்தியும் வேண்டிய நேரத்திலெல்லாம் வந்து சேர்கின்றன. பிரயாணச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் குற்றவாளிக் கூட்டத்தலைவர்களை ஒருவரோடொருவர் மோதவிடும் தந்திரம் எல்லாவற்றையும் சில வாரங்களில் கற்றுவிடுகிறாள். முற்பகுதியில் ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்த திரைக்கதை இங்கே தாவித் தாவிச் செல்கிறது. முதன்முறை பார்க்கும்போது வேகத்தில் இது தெரிவதில்லை. மறுபடி பார்க்கும்போது தெரிகிறது. இருந்தாலும், அவளைத் தேடி வரும் உதவி ஆணையர் மாலதி வைத்யாவாக ஸீமா பிஸ்வாஸ் திரையில் இருக்கும் வரை படத்தின் நிதானம் கெடுவதில்லை. இவர்கள் இருவரில் எவரிடம் நம் அனுதாபத்தை வைப்பது என்று தடுமாற வைப்பதே அந்தப் பாத்திரத்தின் பணி, அதை அவர் ஒரு சொல்லும் மிகையில்லாமல் செய்திருக்கிறார்.

முடிவில் சாரிகா கரணை ஒரு குகைக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியால் கட்டிப்போட்டுவிட்டுச் செல்கிறாள். இருளில் எலிகள் வருகின்றன. திரையரங்குகளில் இக்காட்சிக்குக் கைதட்டல் எழுந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பின் ராகவன் செய்ததைக் கவனிக்க வேண்டும்: அவள் ஓடி ஒளிந்து புதுவாழ்வு தொடங்கவில்லை, மும்பைக்குத் திரும்பி மாலதி வைத்யாவிடம் சரணடைகிறாள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றவள், இம்முறை செய்த குற்றத்துக்காகத் தானே வந்து நிற்கிறாள். அவள் முகத்தில் நிம்மதி இல்லை. பழிவாங்கலை ஓர் ஆனந்தமாக விற்பனை செய்யும் படங்களின் நடுவே, பழிவாங்கியவளிடம் மிஞ்சியது என்ன என்று கேட்டு, விடையையும் அவள் முகத்திலேயே எழுதிக் காட்டிய படம் இது.

ராமன் ராகவின் நிழல் இந்தி சினிமாவை விட்டு அகலவில்லை. 2016இல் அனுராக் காஷ்யப் ‘ராமன் ராகவ் 2.0’ எடுத்தார், மாட்டுங்காவில் வளர்ந்த தமிழரான வாசன் பாலா அதன் எழுத்தில் பங்கு கொண்டார். இது ராமன் ராகவைப் பற்றிய படமன்று என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, நவாஸுதீன் சித்திக்கி நடித்த கொலைகாரனையும் அவனைத் துரத்தும் ராகவன் என்ற போலீஸ் அதிகாரியையும் ஒரே ஆத்மாவின் இரு பாதிகளாகக் காட்டியது அப்படம். தீவிரமான முயற்சிதான், ஆயினும் அதன் கொலைகாரன் தன்னைத் தானே இரசிக்கிறான். 1991இன் ரகுவீர் யாதவிடம் அந்த இரசனை இல்லை.

ஸ்ரீராம் ராகவனோ வேறு திசையில் சென்றார். 2007இல் விஜய் ஆனந்துக்கும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸுக்கும் காணிக்கையாக்கி எடுத்த ‘ஜானி கத்தார்’, தவறு ஒன்றை மறைக்க அடுத்த தவறு, அதை மறைக்க இன்னொன்று என்று சரியும் இளைஞனின் கதை. அங்கும் அவனுடைய பேராசைக்குப் பால்யகாலத்தில் காரணம் தேடப்படவில்லை. ‘அந்தாதுன்’ வந்து, பின்பு பிரசாந்த் நடிப்பில் ‘அந்தகன்’ என்று தமிழிலும் உருவெடுத்தது. 2024 ஜனவரியில் விஜய் சேதுபதியையும் கத்ரீனா கைஃபையும் வைத்து, பெயர் மாறுவதற்கு முந்தைய பம்பாயின் ஒரே ஓர் இரவில் நிகழும் ‘மெரி கிறிஸ்துமஸ்’ஸை இந்தியோடு தமிழிலும் தாமே எடுத்தார், அறிமுகமற்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பலாம் என்ற அந்தப் பழைய கேள்வியைத்தான் அங்கேயும் கேட்டார்.

ஆனால் ‘ஏக் ஹசீனா தீ’ எழுப்பிய கேள்விக்கு அவரே எழுதிய நேரான மறுபதில் 2015இல் வந்த ‘பத்லாப்பூர்’ என்று கொள்ள வேண்டும். மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்த ரகு என்ற இளைஞன் பல ஆண்டுகள் காத்திருந்து பழிவாங்கப் புறப்படுகிறான்; சாரிகாவைப் போலவே அவனுக்கும் நம்முடைய அனுதாபம் முழுவதும் உண்டு. படம் நகர நகர அவன் கொடியவனாகிக்கொண்டே போகிறான். நம் அனுதாபம் விரலிடுக்கில் நழுவிவிடுகிறது. கடைசியில், நோயால் இறந்துகொண்டிருக்கும் பழைய குற்றவாளியான லியாக், ரகு செய்த கொலைகளைத் தான் செய்ததாக ஏற்றுக்கொண்டு சிறைக்குத் திரும்புகிறான். அவன் அப்படி ஏன் செய்தான் என்பதற்கும் இயக்குநர் காரணம் சொல்லவில்லை. கொடுமைக்கு மறுத்த விளக்கத்தை அவர் கருணைக்கும் மறுத்துவிட்டார்.